75 மிமீ செந்நிற லான்சர்: ஏழு வாரத்தில் போட்டிக்குத் தயாராகுமா? கோட் சொதப்பல், மோல்ட் லைன், வார்னிஷ் பூப்பு

ஈரத்தட்டு கேட்டது:

வணக்கம். அக்டோபரில் நெதர்லாந்தின் ஃபெல்ட்ஹோவனில் நடக்கும் ஸ்கேல் மாடல் சேலஞ்ச் என்ற மாதிரி உருவப் போட்டியில், ஸ்டாண்டர்ட் நிலையில் (மாஸ்டருக்குக் கீழே உள்ளது) நான் பெயின்ட் அடிக்கும் ஒரு உருவத்தை வைக்கலாம் என்று இருக்கிறேன். ஏழு வாரம் இருக்கிறது. வாரத்துக்கு எட்டு மணி நேரம் உட்கார முடியும், அதற்கு மேல் சத்தியமாக முடியாது.

உருவம் 75 மிமீ ரெசின். நெப்போலியன் காவல்படையின் இரண்டாம் லான்சர் ரெஜிமென்ட், டச்சுக்காரர்களை வைத்து 1810இல் உருவாக்கிய 'செந்நிற லான்சர்' படை. குதிரை இல்லை, தரையில் நிற்கிற ஆள். செக்கச்செவேல் கோட், கருநீல மார்புப்பட்டை, தலையில் சதுர மேற்பகுதி உள்ள சாப்கா தொப்பி, கையில் லான்ஸ் என்ற நீண்ட ஈட்டி.

இப்போது இருக்கிற நிலைமை:

கோட்டுக்குச் சிவப்பில் வெள்ளை கலந்து ஹைலைட் (வெளிச்சம் படும் இடங்கள்) ஏற்றினேன், ரோஸ் மிட்டாய் ஆகிவிட்டது. அதை மறைக்க மேலே ஆரஞ்சு கிளேஸ் (மிகவும் நீர்த்த, அடி நிறம் தெரியும் பூச்சு) விட்டேன், இப்போது கேரட். மடிப்புகளின் ஓரத்தில் காபி டம்ளர் வைத்த மாதிரி வளையம் வளையமாகக் கறை.

பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷை ஏர்பிரஷில் அடித்த பிறகும் இடது தோளும் முதுகும் பளபளக்கின்றன. அதே வார்னிஷ் கருநீலப் பட்டையின் பள்ளங்களில் சுண்ணாம்பு அடித்தது போலப் பூத்திருக்கிறது.

வலது காலின் உள்பக்கத்தில் முழங்காலிலிருந்து பூட்ஸ் வரை ஒரு மோல்ட் லைன், அதாவது வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேர்ந்த இடத்தில் எழும் கோடு. எல்லாம் அடித்து முடித்த பிறகுதான் கண்ணில் பட்டது.

தலை இன்னும் தனியாகத்தான் இருக்கிறது, முகத்துக்கு அடிப்படை நிறம் மட்டும் போட்டிருக்கிறேன். ரெசினில் வார்த்த லான்ஸ் வாழைப்பழம் போல வளைந்திருக்கிறது.

பெயின்ட் மொத்தத்தையும் கரைத்துவிட்டு முதலிலிருந்து தொடங்கவா, இருப்பதைத் தேற்றவா?

---

ஈயச்சிப்பாய்:

உடம்பின் பெயின்டைக் கரைத்துவிடுங்கள், தலையைத் தொடாதீர்கள். காரணம் நிறமில்லை, அந்த மோல்ட் லைன். நிறத்தை மேலே ஏற்றி ஏற்றிச் சரிசெய்யலாம். மோல்ட் லைனை அப்படி மறைக்க முடியாது. நடுவர் உருவத்தைக் கையில் எடுத்ததும் முதலில் பார்ப்பது தயாரிப்பு வேலையைத்தான். கால் உள்பக்கம், அக்குள், தொப்பியின் அடிப்புறம், வாளுறைக்கும் உடம்புக்கும் நடுவிலுள்ள இடுக்கு. அங்கே கோடு தெரிந்தால் மேலே எவ்வளவு அழகாகக் கலந்திருந்தாலும் ஒரு படி இறங்கிவிடும்.

கணக்கும் சரியாக வருகிறது. ஏழு எட்டு ஐம்பத்தாறு மணி நேரம். கடைசி வாரத்தை விட்டுவிட்டால் நாற்பத்தெட்டு. ஸ்டாண்டர்ட் நிலைக்கு ஒரு 75 மிமீ உருவத்தை ஒழுங்காக முடிக்க அது போதும், புதிதாக எதையும் கற்றுக்கொள்ளப் போகவில்லை என்றால்.

கரைப்பது: 99 சதவீத ஐசோப்ரொபைல் ஆல்கஹால், மூடியுள்ள கண்ணாடி ஜாடி. பதினைந்து நிமிடம் ஊறவிட்டு, பழைய மென்மையான பல்துலக்கும் பிரஷால் தேய்த்து, மறுபடி பத்து நிமிடம். அக்ரிலிக் தோல் தோலாக வந்துவிடும். இரவு முழுக்க ஊறவிடாதீர்கள். ரெசின் ஆல்கஹாலை உறிஞ்சி ரப்பர் போல மிருதுவாகும், அந்த நேரத்தில் தேய்த்தால் பொத்தான், பைப்பிங் (உடையின் விளிம்புத் தையல் பட்டி) எல்லாம் மழுங்கிவிடும். அசிட்டோன் பக்கம் போகவே வேண்டாம், அது வெள்ளை உலோக உருவத்துக்கு மட்டும். ஜன்னலைத் திறந்து வையுங்கள், கையுறை போடுங்கள். கரைத்த பிறகு வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுக் கழுவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட வேண்டும். உள்ளே ஆல்கஹால் மிச்சம் இருக்கும்போது ப்ரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால் அது ஒட்டாது, பிறகு மாஸ்கிங் டேப்போடு உரிந்து வரும்.

மோல்ட் லைனுக்கு: 11ஆம் எண் பிளேடின் முதுகுப்பக்கத்தை, வெட்டும் பக்கத்தை அல்ல, கிட்டத்தட்டச் செங்குத்தாக வைத்து இழுத்து இழுத்துச் சுரண்டுங்கள். பிறகு 600, 1000, 1500 என்று வாட்டர் பேப்பர், தண்ணீர் தொட்டு. ரெசின் தூள் நுரையீரலுக்கு ஆகாது, அதனால் உலர்ந்து தேய்க்க வேண்டாம். பேப்பரை 3 மிமீ அகல நாடாவாக வெட்டி, காலுக்குப் பின்னால் கொடுத்து இரண்டு முனையையும் பிடித்து, செருப்புக் கடையில் ஷூ துடைப்பது போல இழுத்தால் காலின் உருண்டை வடிவம் போகாது. நேராக வைத்துத் தேய்த்தால் கோடு போய் அங்கே தட்டையாக ஒரு பட்டை வரும். கோட்டைவிட அது மோசம்.

பிறகு சாம்பல் ப்ரைமரை ஒரே ஒரு மெல்லிய படலமாக அடியுங்கள். இது பெயின்டுக்காக அல்ல, குறையைப் பார்ப்பதற்காக. மேசை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து உருவத்தைச் சுழற்றிப் பாருங்கள். விளக்கு மேலே இருந்தால் கோடு ஒளிந்துகொள்ளும், பக்கவாட்டில் இருந்தால் நிழல் விழுந்து காட்டிக்கொடுத்துவிடும். உங்களுக்கு இதுதான் தவறியிருக்கும். பள்ளம் இருந்தால் மிஸ்டர் சர்ஃபேசர் 500 என்ற திரவ நிரப்பியைப் பழைய பிரஷால் தொட்டு நிரப்பி, காய்ந்ததும் தேய்க்கவும். பெரிய இடைவெளிக்கு மில்லிபுட் என்ற எபாக்ஸி புட்டி, ஈரப் பிரஷால் நீவி. குறை தெரியாமல் போகும்வரை ப்ரைமர், தேய்ப்பு, ப்ரைமர். முதல் வாரத்தின் எட்டு மணியும் இதற்கே போனாலும் நஷ்டமில்லை.

எல்லாம் சரியானதும் கருப்பு ப்ரைமர், அதன்மேல் முன்பக்கம் இடது மேலிருந்து சுமார் 45 டிகிரியில் வெள்ளை. ஏர்பிரஷில் 0.3 மிமீ நாசில், காற்றழுத்தம் 15இலிருந்து 20 பிஎஸ்ஐ. அதை நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாவது வாரத்தில் வெளிச்சம் எங்கிருந்து வருகிறது என்று குழம்பும்போது அந்தப் படம்தான் கைகொடுக்கும்.

---

பித்தளைக்கம்பி:

சிப்பாய் அண்ணன் சொல்வதில் பாதிக்குத்தான் என் ஓட்டு. சிவப்புக் கோட்டின் பெயின்டைக் கரைக்கலாம். ஆனால் காலில் உள்ள ஒரே ஒரு மோல்ட் லைனுக்காக உடம்பு முழுவதையும் ஜாடியில் போட வேண்டியதில்லை. அந்த இடத்தை மட்டும் சுரண்டி, ஓரத்தை 1500இல் மெலிதாக்கி, ப்ரைமரைப் பிரஷால் தொட்டுவிட்டால் வேலை முடிந்தது. ஏற்கெனவே ப்ரைமர், பெயின்ட், ஆரஞ்சு கிளேஸ், வார்னிஷ் என்று ஏறியிருக்கிறதே என்ற ஒரு காரணத்துக்காக வேண்டுமானால் கரைக்கலாம். 75 மிமீயில் தடிமன் ஏறினால் பொத்தானைச் சுற்றியுள்ள கூர்மை போய்விடும். ஊசி முனையால் ஒரு பொத்தானின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். ஊசி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனால் கரைத்துவிடுங்கள், நின்றால் விட்டுவிடுங்கள்.

லான்ஸை வெந்நீரில் போட்டு நிமிர்த்தலாம். 70 டிகிரி நீரில் சில நொடி, நேராக்கி, உடனே குளிர்ந்த நீர். வாளுறைக்கு அது சரி. லான்ஸ் போல மெல்லிசாக நீளமாக இருந்தால் அக்டோபருக்குள் திரும்ப வளையும், வெயில் படும் ஜன்னலோரம் இருந்தால் இன்னும் சீக்கிரம். தூக்கிப் போட்டுவிட்டு 1.5 மிமீ பித்தளைக் கம்பி வாங்குங்கள். அசல் லான்ஸ் சுமார் 2.7 மீட்டர், இந்த உருவத்தின் அளவு கிட்டத்தட்ட 1/24, ஆக முனையோடு சேர்த்து 11 செ.மீ.க்குச் சற்று மேல். ரெசின் லான்ஸிலிருந்து ஈட்டி முனையையும் அடிக்குமிழையும் மட்டும் வெட்டி எடுத்து, அவற்றிலும் கம்பியின் முனைகளிலும் 0.5 மிமீ துளையிட்டு, நடுவில் மெல்லிய ஊசிக்கம்பி வைத்து மாட்டலாம். பித்தளையை 600இல் தேய்த்து ஆல்கஹாலால் துடைத்து மெட்டல் ப்ரைமர் போடாவிட்டால், கைக்குள் செருகும்போதே பெயின்ட் உரிந்துவிடும். உருவத்தின் கையில் துளையை 1.6 மிமீ ஆக்குங்கள். பெயின்டின் தடிமனையும் சேர்த்துத்தான் அளவு.

ஒவ்வொரு காலிலும் 1 மிமீ கம்பி, குதிகால் வழியாகக் குறைந்தது 8 மிமீ உள்ளே போக வேண்டும். ஒரே காலில் மட்டும் கம்பி வைத்தால் உருவம் அந்தக் கம்பியைச் சுற்றி மெல்லத் திரும்பும். இரண்டாவது கால் தாங்குகிற மாதிரி தெரியும், ஆனால் தூக்கிப் பிடித்ததும் ஆடும். அதே கம்பிகளை ஒரு பழைய மருந்துப் புட்டியின் கார்க்கில் குத்தி, அதைக் கைப்பிடியாக வைத்துக்கொண்டு அடியுங்கள். உடம்பில் விரலே படக்கூடாது. உங்கள் இடது தோளும் முதுகும் பளபளப்பதற்கு இதுதான் ஒரு காரணமாக இருக்கும் என்று நினைக்கிறேன். வலது கையால் அடிக்கிறவர் இடது கையால் பிடிக்கிற இடம் சரியாக அங்கேதான் வரும்.

இன்னொரு காரணம் புட்டியைக் குலுக்காதது. சொட்டு மூடிப் புட்டியில் மீடியமும் (நிறமியைத் தாங்கும் திரவம்) நிறமியும் பிரிந்து, மூக்கில் தெளிந்த மீடியம் நிற்கும். ஒரு துருப்பிடிக்காத எஃகுக் குண்டைப் போட்டு ஒரு நிமிடம் குலுக்கி, முதல் சொட்டைத் துணியில் விட்டுவிட்டு இரண்டாவதிலிருந்து எடுங்கள். அந்த முதல் சொட்டைத்தான் எல்லாரும் பேலட்டில் விட்டுவிட்டு, மேட் பெயின்ட் ஏன் மினுங்குகிறது என்று கேட்கிறோம்.

---

பனங்காய்:

வணக்கம் தம்பி. மற்றவை தயாரிப்பைப் பற்றிச் சொல்லிப்போட்டினம், நான் சிவப்பைப் பற்றி மட்டும் சொல்லுறன். இந்த உருவத்தில ஆள் பாதி, சிவப்பு பாதி. சிவப்பு பிழைச்சால் எல்லாம் பிழைச்சமாதிரித்தான்.

முதலில ஒரு சின்னச் சோதனை. உங்கட சிவப்புப் புட்டியில இருந்து ஒரு பூச்சு வெள்ளைத் தாளில அடிச்சு, கைபேசியில கறுப்பு வெள்ளையாப் படம் எடுத்துப் பாருங்கோ. நீங்கள் நினைச்சதைவிட இருட்டா இருக்கும். கண்ணுக்குப் பளிச்செண்டு தெரியிற சிவப்பு, வெளிச்ச அளவில நடுச் சாம்பலை விடக் கீழ நிக்குது. அதனாலதான் வெளிச்சம் காட்ட வெள்ளையைக் கலக்கிறம், வெள்ளை அதை ரோசாப்பூவாக்கிப் போடுது. வெள்ளைக்குப் பதிலாத் தோல் நிறம் கலவுங்கோ. தோல் நிறத்துக்குள்ள மஞ்சளும் இருக்கு, வெள்ளையும் இருக்கு. வெளிச்சம் கூடும், ரோஸ் வராது.

கலவை இப்பிடி. அடிப்படைக்கு ஃப்ளாட் ரெட் மூண்டு பங்கு, மண்ணிறம் ஒரு பங்கு. இதை நல்லா மூடுறவரைக்கும் மூண்டு, நாலு மெல்லிய பூச்சு. கறுப்பு ப்ரைமருக்கு மேல நேராச் சிவப்பு அடிச்சால் பத்துப் பூச்சு அடிச்சாலும் அழுக்காத்தான் தெரியும், ஏனெண்டால் சிவப்பு நிறமிகள் கனக்க ஒளி ஊடுருவுறவை. வெள்ளை ப்ரைமர் படாத இடங்களுக்கு முதலில செம்மண் நிறம் ஒரு பூச்சு போட்டுவிடுங்கோ.

முதல் நிழலுக்கு அடிப்படையில நாலுக்கு ஒண்டு கருநீலம். ஆழமான மடிப்புக்குக் கறுஞ்சிவப்பு, அதுக்குள்ளயும் கொஞ்சம் கருநீலம். தனிக் கறுப்பு வேண்டாம், சேறு மாதிரி வரும். மார்புப்பட்டை கருநீலம்தானே, அதே நீலம் சிவப்பின்ர நிழலுக்குள்ளயும் இருந்தால் ரெண்டும் ஒரே ஆளின்ர உடுப்பு எண்டு கண் நம்பும்.

வெளிச்சத்துக்கு முதல் படி சுத்த வெர்மிலியன், அதாவது ஆரஞ்சு சாய்ந்த சிவப்பு. ரெண்டாவது படி வெர்மிலியன் ரெண்டு, மஞ்சள் சாய்ந்த தோல் நிறம் ஒண்டு. கடைசிப் படி ஒண்டுக்கு ஒண்டு, அதுவும் தோள் முனை, முழங்கை மடிப்பின்ர மேல் விளிம்பு, மார்பு உப்பின இடம், அவ்வளவுதான். நீங்கள் ஆரஞ்சை முழுக் கோட்டுக்கும் கிளேஸா விட்டதாலதான் கேரட் ஆனது. ஆரஞ்சில பிழை இல்லை, விட்ட பரப்பில பிழை. கோட்டைத் தூரத்தில வைச்சுப் பார்த்தால் பாதிக்கு மேல அடிப்படைச் சிவப்பு அப்பிடியே தெரியவேணும்.

காபிக் கறை வாறது தண்ணி கூடினதால. தண்ணிக் குமிழின்ர ஓரம் முதலில காயும், நடுவில இருக்கிற நிறமியை ஓரத்துக்கு இழுத்துக்கொண்டு போகும். லேயருக்குப் பெயின்ட் ஒண்டு, தண்ணி ஒண்டு அல்லது ஒண்டரை. கிளேஸுக்குப் பெயின்ட் ஒண்டு, தண்ணி ஆறு, கிளேஸ் மீடியம் ஒண்டு. பிரஷைத் தோய்ச்சு எடுத்ததும் ஒருக்கா டிஷ்யூவில பக்கவாட்டாத் தொட்டு, மிச்சத் தண்ணியை இறக்கிப்போட்டு உருவத்துக்குக் கொண்டுபோங்கோ. இந்த ஒரு பழக்கத்திலயே முக்கால்வாசி வளையம் நிண்டுபோகும். பிரஷ் எங்க முடியுதோ அங்கதான் நிறமி கூட விழும், அதால நிழலுக்கு அடிக்கேக்க நிழல் பக்கமா இழுத்து முடியுங்கோ, வெளிச்சத்துக்கு வெளிச்சப் பக்கமா. அரைகுறையாக் காய்ஞ்ச இடத்தில திரும்பத் தொடாதேங்கோ, தோல் உரிஞ்சமாதிரிக் கிழியும். ஐஞ்சு நிமிசம் பொறுங்கோ, அல்லது ஹேர் ட்ரையரைக் குறைச்ச சூட்டில காட்டுங்கோ.

பிரஷ் 1ஆம் நம்பர் கோலின்ஸ்கி முடி, நுனி கூரா இருந்தால் போதும். மூண்டு சைபர் பிரஷ் வாங்கிக் காசைக் கொட்டாதேங்கோ. அதின்ர வயிறு சின்னன், உருவத்துக்குக் கொண்டுபோறதுக்குள்ளயே பெயின்ட் காய்ஞ்சிடும்.

கடைசியா ஒண்டு. இது கம்பளித் துணி, பட்டு இல்லை. ஏர்பிரஷ் மாதிரி வழவழப்பாக் கலக்கவேணும் எண்டு மினக்கெடாதேங்கோ. ரெண்டாவது வெளிச்சப் படியைச் சின்னச் சின்னக் கோடா, புள்ளியாக் குத்திக் குத்தி வைச்சால் தடிச்ச துணி எண்டு தானாத் தெரியும், கலவையில இருக்கிற சின்னப் பிழையும் அதுக்குள்ள மறைஞ்சிடும்.

---

ஈரத்தட்டு:

எல்லாருக்கும் நன்றி. ஊசி வைத்துப் பார்த்தேன், வழுக்கிக்கொண்டு போகிறது. கரைத்துவிடுகிறேன்.

பனங்காய் அண்ணா, தங்கப் பொத்தானுக்கும் மஞ்சள் நாடாவுக்கும் உலோகப் பெயின்டா, உலோகமில்லாமல் உலோகம் போலக் காட்டுகிற முறையா? இன்னும் இரண்டு சந்தேகம். 1812 ரஷ்யப் படையெடுப்பில் இந்தப் படை போனதால் பனிப் பேஸ் (உருவம் நிற்கும் தரை) செய்யலாம் என்று நினைக்கிறேன், பேக்கிங் சோடா வீட்டில் இருக்கிறது. வீடு போட்டி மண்டபத்துக்குப் பக்கத்தில்தான், உருவத்தைச் சைக்கிளில் கொண்டுபோகலாமா?

---

பனங்காய்:

பொத்தானுக்கு உலோகப் பெயின்ட். இந்த அளவில பொத்தான் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, அதுக்குள்ள உலோகத்தில பிரதிபலிக்கிற வானத்தையும் தரையையும் வரையுறது வீண் வேலை. மண்ணிறம் அடிச்சு, நடுவில தங்கம், மேல் இடது பக்கம் வெள்ளி கலந்த தங்கத்தால ஒரு புள்ளி. சுத்திக் கறுஞ்சிவப்பால ஒரு மெல்லிய கோடு போட்டால் பொத்தான் துணியில இருந்து பிரிஞ்சு நிக்கும். நாடா உலோகமில்லை, நூல். அதுக்குச் சாதாரண மஞ்சள், காவி மண் நிறத்தில தொடங்கி ஏத்துங்கோ.

வெள்ளை வார்ப்பட்டையை வெள்ளையில தொடங்காதேங்கோ. சூடான வெளிர் சாம்பலில தொடங்கி, சுத்த வெள்ளையை விளிம்புக்கு மட்டும் மிச்சம் பிடியுங்கோ. எல்லாம் வெள்ளையா இருந்தால் வெளிச்சம் காட்ட இடமில்லாமல் போகும்.

முகத்தைப் பற்றி நீங்கள் கேக்கேல்லை, எண்டாலும் சொல்லுறன். சாப்காவில முன்னால விளிம்பு இருக்கு. மண்டபத்தில வெளிச்சம் நேர மேல இருந்து விழும், நடுவர் மேசைக்கு மேல நிண்டு குனிஞ்சு பாப்பார். ரெண்டும் சேர்ந்து கண் இருக்கிற இடம் முழுக்க நிழலாகிடும். அதால தலையை ஒட்டுறதுக்கு முன்னம் கம்பியில மாட்டி, நாடியை ரெண்டு மூண்டு டிகிரி உயர்த்திப் பாருங்கோ. முகத்தையும் வீட்டு விளக்கில சரியாத் தெரியிறதைவிட ஒரு படி வெளிச்சமா முடியுங்கோ. மூக்கு, கன்னம், கீழ் உதடு, காது மடல் இதுகளில கொஞ்சம் சிவப்பு, சவரம் பண்ணின நாடியில நீலச்சாம்பல் மிக மெல்லிய கிளேஸ். கண் வெள்ளைக்கு வெளிர் சாம்பல் கலந்த தோல் நிறம். கருவிழியின்ர மேல் பகுதி இமைக்குள்ள மறையவேணும், முழு வட்டமும் தெரிஞ்சால் பேயைக் கண்டவன்மாதிரி முழிப்பான். கண்ணைத்தான் முதலில வரையவேணும். பிழைச்சால் சுத்தியிருக்கிற தோலைத் திரும்ப அடிச்சுத் திருத்தலாம், முகம் முடிஞ்ச பிறகு எண்டால் அது ஏலாது.

---

ஈயச்சிப்பாய்:

பனி பற்றி. பேக்கிங் சோடா வேண்டாம். ஈரத்தை உறிஞ்சி, பசையோடு சேர்ந்து கொஞ்ச காலத்தில் மஞ்சளாகிவிடும், கட்டி கட்டியாக உதிரும். கண்ணாடி நுண்குமிழ்த் தூளில் வெள்ளைப் பசையும் ஒரு துளி வெள்ளை அக்ரிலிக்கும் கலந்து, கெட்டித் தயிர் பதத்தில் வையுங்கள். கலக்கும்போது முகமூடி கட்டாயம், மூச்சு விட்டாலே பறக்கிற தூள் அது.

ஆனால் பனியே வேண்டாம் என்பது என் யோசனை. உங்கள் உருவம் அணிவகுப்பு உடையில் இருக்கிறது. சாப்காவின் சிவப்பு தெரிகிறது, இறகு நிமிர்ந்திருக்கிறது. போர்ப் பயணத்தில் தொப்பிக்கு எண்ணெய்த்துணி உறை போட்டு, இறகைக் கழற்றி, மேலே கனத்த மேலங்கி போர்த்தியிருப்பார்கள். புதுத்துணி போல மின்னும் கோட்டோடு ரஷ்யப் பனியில் ஒருவனை நிறுத்தினால், வரலாறு தெரிந்த நடுவர் அங்கேயே புருவத்தைத் தூக்குவார். கல் பாவிய முற்றம், ஓரத்தில் கொஞ்சம் புல், ஒரு குதிரைக் கட்டும் கம்பம். சிவப்புக்குக் கீழே மங்கிய சாம்பல் பச்சை இருந்தால் சிவப்பு இன்னும் எடுத்துக்காட்டும். பேஸ் உருவத்தோடு போட்டி போடக்கூடாது.

பீடம் 4 செ.மீ. சதுரம், 6 செ.மீ. உயரம், கருத்த மரம். வேலை தொடங்குமுன் பக்கங்களைக் குறைவாக ஒட்டும் மாஸ்கிங் டேப்பால் சுற்றிவிடுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். அப்படியே இரண்டு மாதம் விட்டால் பசை மரத்திலேயே தங்கிவிடும். மண்ணைப் பீடத்தின் விளிம்பு வரை கொண்டுவந்து, விளிம்பில் கத்தியால் வெட்டியது போல நேராக முடியுங்கள். குவியலாக நடுவில் மட்டும் வைத்தால் தட்டில் வைத்த உப்புமா மாதிரி இருக்கும்.

வார்னிஷ் பூப்பைப் பற்றி யாரும் சொல்லவில்லை. மேட் வார்னிஷில் பளபளப்பைக் கொல்வது நுண்ணிய சிலிக்காத் தூள்தான். தடிமனாக அடித்தால் பள்ளத்தில் அந்தத் தூள் தேங்கும், கருநீலத்திலும் கறுப்பிலும் அப்பட்டமாகத் தெரியும். காற்றில் ஈரம் மிகுந்த நாளில் அடித்தாலும் வெளுக்கும், நெதர்லாந்து இலையுதிர்காலத்தில் அப்படிப்பட்ட நாளுக்குப் பஞ்சமில்லை. ஏற்கெனவே பூத்த இடத்தில் கிளாஸ் (பளபளப்பு) வார்னிஷை மெல்லியதாகப் பிரஷால் தொட்டால் நிறம் திரும்பிவிடும், காய்ந்த பிறகு மறுபடி மேட், இந்தமுறை இரண்டு மெல்லிய படலம். புட்டியை நன்றாகக் குலுக்குவது இங்கேயும் பொருந்தும். என்னைக் கேட்டால் போட்டி உருவத்துக்கு முழு உடம்பு வார்னிஷ் தேவையே இல்லை. யாரும் அதை வைத்து விளையாடப் போவதில்லை. மினுங்குகிற இடத்துக்கு மட்டும் மேட், பூட்ஸுக்கும் தொப்பி விளிம்புக்கும் சாட்டின் (அரைப் பளபளப்பு), கண்ணுக்கு ஒரு துளி கிளாஸ்.

போட்டி முறையையும் புரிந்துகொள்ளுங்கள். அங்கே ஓபன் சிஸ்டம். உங்கள் உருவத்தைப் பக்கத்து மேசைக்காரருடையதோடு ஒப்பிட்டு முதல் இரண்டு மூன்று என்று வரிசைப்படுத்துவதில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் தரத்தில் பார்த்துத் தங்கம், வெள்ளி, வெண்கலம் தருவார்கள், அல்லது தராமல் விடுவார்கள். ஆகவே சுற்றிலும் இருப்பதைப் பார்த்து மிரண்டு, ஐந்தாவது வாரத்தில் புதிதாக ஏதாவது சேர்க்கப் போக வேண்டாம். பதிவு எப்போது முடிகிறது, பீடத்துக்கு அளவுக் கட்டுப்பாடு உண்டா என்பதை அந்த ஆண்டின் விதித்தாளில் இப்போதே பார்த்துவிடுங்கள்.

---

பித்தளைக்கம்பி:

சைக்கிள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் கேரியரில் கட்டாதீர்கள். செங்கல் பாவிய தெருவின் அதிர்வு நேராக வந்து சேரும். ரெசின் தாங்கும், லான்ஸ் பிடித்திருக்கும் கைமணிக்கட்டுதான் முதலில் விடும். முதுகுப் பையில் போட்டால் உடம்பு அதிர்வை வாங்கிக்கொள்ளும்.

பெட்டி: உள்ளளவு உயரம் குறைந்தது 22 செ.மீ. உள்ள, மூடியிறுகும் பிளாஸ்டிக் டப்பா. பீடத்தின் அடியில் நடுவில் துளையிட்டு, டப்பாவின் அடிப்பக்கத்திலிருந்து ஒரு மர ஸ்க்ரூ ஏற்றிவிடுங்கள். போஸ்டர் ஒட்டும் களிமண்ணை மட்டும் நம்பினால் சூட்டில் இளகி, பீடம் மெல்லச் சாயும். ஸ்பாஞ்ச் வைப்பதானால் பீடத்தைச் சுற்றி மட்டும். உருவத்தை எதுவும் தொடக்கூடாது, பஞ்சு உட்பட. இறகின் நுனியில் ஸ்பாஞ்ச் உரசினால் மேட் பெயின்டில் பளபளப்புக் கோடு விழும். லான்ஸைக் கழற்றுகிற மாதிரி வைத்து, தனியாக ஒரு ஸ்ட்ராவுக்குள் போட்டுக் கொண்டுபோய், மண்டபத்தில் செருகுங்கள். முந்தின வாரம் வெறும் பீடத்தில் பழைய உருவம் ஏதாவது ஒன்றைப் பொருத்தி, அதே வழியில் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

கையில் எடுத்துப்போக வேண்டியவை: ஜெல் சூப்பர் க்ளூ, ஊசி, இடுக்கி, 0 நம்பர் பிரஷ், ஒரு சிறு புட்டி தண்ணீர், மேட் வார்னிஷ். முக்கியமாக, கோட் அடித்த அதே அடிப்படைச் சிவப்புக் கலவையைக் கொஞ்சம் ஒரு மூடியுள்ள குட்டி டப்பாவில் எடுத்து வையுங்கள். அங்கே போய்ப் புதிதாகக் கலந்தால் ஒருநாளும் பொருந்தாது. சூப்பர் க்ளூவை மூடிய டப்பாவுக்குள் காயவிடாதீர்கள், ஆவி சுற்றியுள்ள பெயின்டில் வெள்ளையாகப் படியும்.

ஒரு கொசுறு. ஈரத்தட்டு என்று பெயர் வைத்திருக்கிறீர்கள், ஈர ஸ்பாஞ்சின் மேல் தாள் விரித்துப் பெயின்ட் காயாமல் வைக்கும் அந்தத் தட்டு நாறாமல் இருக்க ஸ்பாஞ்சுக்குக் கீழே ஒரு ஐந்து சென்ட் நாணயம் போட்டு வையுங்கள், மேலே செம்புப் பூச்சு இருப்பதால் பூஞ்சணம் பிடிப்பதைக் குறைக்கும். மேலே போடுவது அடுப்பில் வைக்கும் பேக்கிங் தாள், மெழுகுத் தாள் அல்ல. மெழுகுத் தாளில் தண்ணீர் மேலே ஏறவே ஏறாது.

---

ஈரத்தட்டு:

மெழுகுத் தாளில்தான் இத்தனை நாளும் அடித்துக்கொண்டிருந்தேன்! பெயின்ட் ஏன் பத்து நிமிடத்தில் தடித்துப்போகிறது என்பது இப்போதுதான் விளங்குகிறது. உடம்பு ஜாடியில் ஊறுகிறது, பதினோரு நிமிடம் ஆகிவிட்டது. பனியைக் கைவிட்டாயிற்று, கல் முற்றம்தான். சாம்பல் ப்ரைமர் அடித்ததும் பக்கவாட்டு வெளிச்சத்தில் காலின் படம் போடுகிறேன், கோடு இன்னும் தெரிகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.